மயில் துத்தம் போட்டும் பச்சைப் பாசி திரும்ப வருகிறது: டோஸ் குறையா, பாசி பழகிவிட்டதா?

ஷீட்குட்டை:

வணக்கம். ஷீட் விரித்த பண்ணைக்குட்டை. மேல்மட்டம் 30 × 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், கரைச் சரிவு 1.5-க்கு 1. போர் தண்ணீர் நிரப்பி, தக்காளிக்குச் சொட்டுநீரில் போகிறது. உள்ளே கட்லாவும் ரோகுவுமாக 200 மீன், ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும்.

கோடைத் தொடக்கத்தில் தண்ணீர் மேல் பெயிண்ட் கொட்டியது போல நீலப்பச்சை ஏடு. 1 கிலோ மயில் துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) இரும்பு வாளியில் கரைத்து, மதியம் 3 மணிக்குச் சுற்றி ஊற்றினோம். நாலே நாளில் ஏடு காணாமல் போனது. மூன்று வாரம் கழித்துத் தண்ணீர் முழுக்கப் பட்டாணி நிறம். ஓரத்து ஷீட்டில் இழை இழையாகப் பாசி, கையில் எடுத்தால் சொரசொரப்பு. மறுபடி அதே 1 கிலோ. இந்த முறை பாசி அசையவே இல்லை.

கிட் வைத்துப் பார்த்தது: மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 280 மில்லிகிராம். பிஎச் காலை 7 மணிக்கு 8.3, மதியம் 3 மணிக்கு 9.6.

கேள்விகள்:
1. பாசிக்கு மருந்து பழகிவிட்டதா? 2 கிலோ போடலாமா?
2. கடையில் காப்பர் ஆக்சிகுளோரைடு, இல்லையென்றால் பிகேசி (பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி) போடச் சொல்கிறார்கள். சரியா?
3. வாளியின் உள்பக்கம் செம்பு நிறமாகிவிட்டது. இதற்கும் மருந்து வேலை செய்யாததற்கும் தொடர்பு உண்டா?
4. டிஸ்க் ஃபில்டர் தினம் இரண்டு தடவை அடைக்கிறது.

---

நீர்ச்சோதனை:

மூன்றாவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம், பாதி பதில் அதில்தான் இருக்கிறது. வாளிக்குள் ஒட்டிய செம்பு, குட்டைக்குப் போயிருக்க வேண்டிய செம்பு. தாமிரக் கரைசல் இரும்பையோ துத்தநாகப் பூச்சையோ தொட்டால் தாமிரம் உலோகமாகப் படியும், பதிலுக்கு இரும்பும் துத்தநாகமும் கரைந்து தண்ணீரில் இறங்கும். பிளாஸ்டிக் டிரம்மில்தான் கரைக்க வேண்டும். கலக்குவதும் கம்பியால் வேண்டாம், மூங்கில் குச்சி போதும்.

அடுத்து கொள்ளளவு. 30 × 30 × 2 என்று பெருக்கினால் 1,800 கன மீட்டர் வரும். கரை சரிவாக இருப்பதால் அது தப்பு. அடிமட்டம் 24 × 24, நடுமட்டம் 27 × 27. மேல் பரப்பு 900, அடிப் பரப்பு 576, நடுப்பரப்பு 729-ஐ நாலால் பெருக்கினால் 2,916. மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்குங்கள்: 1,464 கன மீட்டர். இது தளும்ப நிறைந்திருக்கும்போது. தண்ணீர் இறங்கியிருந்தால் அன்றைய மட்டத்துக்கு மறுபடி கணக்குப் போட வேண்டும்.

கன மீட்டருக்கு 1 கிராம் என்றால் 1 பிபிஎம். நீங்கள் போட்ட 1 கிலோ 0.68 பிபிஎம் மயில் துத்தம். படிக மயில் துத்தத்தில் தாமிரம் 25.4 சதவீதம்தான், ஆக தண்ணீரில் சேர்ந்த தாமிரம் லிட்டருக்கு 0.17 மில்லிகிராம். வாளியில் ஒட்டியது போக இன்னும் குறைவு.

மீன் குளங்களில் நடைமுறைக் கணக்கு: காரத்தன்மையை நூறால் வகுத்தால் வருவது மயில் துத்தத்தின் பிபிஎம். உங்களுக்கு 2.8 பிபிஎம், அதாவது 4.1 கிலோ. நீங்கள் போட்டது அதில் கால் பங்கு. போட்ட நேரம் பிஎச் 9.6. பாசியைக் கொல்வது கரைந்து தனித்து நிற்கும் தாமிர அயனி மட்டுமே. அந்தப் பிஎச்சில், அவ்வளவு காரத்தன்மையில், ஊற்றிய தாமிரத்தில் பெரும்பகுதி ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறி அடியில் படிந்திருக்கும்.

அப்புறம் ஏன் முதல் தடவை ஏடு போனது? நீலப்பச்சைப் பாசிக்குத் தாமிரம் பொதுவாகவே குறைந்த அளவில் பிடித்துவிடும். அது உண்மையில் பாசி இல்லை, பாக்டீரியா. பச்சைப் பாசியில் குளோரெல்லா, சீனிடெஸ்மஸ் போன்றவை அப்படி இல்லை. தடித்த செல்சுவர் தாமிரத்தை வெளியிலேயே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். உள்ளே போனதை ஃபைட்டோகெலேட்டின் என்ற சிறு புரதத் துண்டுகள் கட்டிப்போடும். மிச்சத்தைச் செல்லுக்குள் இருக்கும் குமிழறையில் ஒதுக்கிவிடும். நீலப்பச்சை செத்த அளவில் இவை பிழைத்து, காலியான வெளிச்சத்தையும் செத்தது விட்ட பாஸ்பரசையும் எடுத்துக்கொண்டன. குளோரெல்லா நல்ல வெயிலில் ஒரு நாளுக்குள் இரட்டிப்பாகும். மூன்று வாரம் அதற்குத் தாராளம்.

“பழகிவிட்டதா” என்றால், பெரும்பாலும் இல்லை. தாங்கக்கூடியது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்னொன்று: தாமிரம் பாசிக்கு நுண்ணூட்டமும்கூட. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைக் கடத்தும் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்துக்குத் தாமிரம் வேண்டும். அரைகுறை டோஸ் சில சமயம் உரம் போட்ட மாதிரி ஆவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது தடவை எடுபடாததற்கு வேறு காரணமும் உண்டு. பட்டாணி நிறம் என்றால் செல்கள் அடர்த்தி. அதே தாமிரத்தை அதிகச் செல்கள் பங்கு போட்டால் ஒரு செல்லுக்குக் கிடைப்பது குறையும். நிறம் ஏறத் தொடங்கும்போதே போடும் 1 கிலோவும், முற்றிய பிறகு போடும் 1 கிலோவும் ஒன்றல்ல.

---

கெண்டைவளர்ப்பு:

கடைக்காரர் சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

காப்பர் ஆக்சிகுளோரைடு தண்ணியில கரையாது. இலை மேல ஒட்டிக்கிட்டு நிக்கணும்னே செஞ்ச பொடி அது. குட்டையில கொட்டினா நேரா அடியில போய் உக்காரும். அடியில இருக்கிற நத்தையும் புழுவும் சாகும், மேல இருக்கிற பாசிக்கு ஒண்ணும் ஆகாது.

இலைவழித் தெளிப்புக்கு விக்கிற செப்பு இடிடிஏவும் வேண்டாம். இடிடிஏ தாமிரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும், தனி அயனி கிடைக்காது. ஆய்வகத்துல பாசி வளக்கிற ஊடகத்துலயே உலோக நச்சு ஏறாம இருக்கத்தான் இடிடிஏ சேக்கிறாங்க. காசு கொடுத்து பாசிக்குப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்த கதையாயிடும்.

கடின நீருக்கு ஒத்துவர்றது சிட்ரிக் அமிலம். மயில் துத்தம் 2 பங்கு, சிட்ரிக் அமிலம் 1 பங்கு எடைக்கு எடை. ரெண்டையும் ஒண்ணா டிரம்ல கரைச்சு ஊத்துனா தாமிரம் உடனே படியாம கொஞ்ச நேரம் கரைசல்ல நிக்கும். இடிடிஏ மாதிரி இறுக்கமில்ல, பாசிகிட்ட விட்டுக்கொடுக்கும்.

பிகேசி இறால் பண்ணையில பாசியை மெலிய வைக்கப் போடுறது. அது செல்லோட சவ்வைக் கிழிக்கிற சோப்பு வகை. பச்சை, நீலப்பச்சைன்னு பாக்காது. அமோனியாவைத் தின்னுற நல்ல பாக்டீரியாவையும் சேத்துப் போட்டுத்தள்ளும். பாசியும் செத்து, பாக்டீரியாவும் செத்தா அமோனியா ஏறும், பிஎச் 9-க்கு மேல இருக்கிற குட்டையில அந்த அமோனியா மீனுக்கு நேரடி விஷம். உங்க குட்டைக்கு வேண்டவே வேண்டாம்.

இதுக்கு நடுவுல யாராவது டையூரான் போடச் சொன்னாலும் சொல்வாங்க. களைக்கொல்லி. தக்காளிக்குப் பாயிற தண்ணியில அது கூடாது, அவ்வளவுதான். அது பாசியைக் கொல்றதைவிட ஒளிச்சேர்க்கையை நிறுத்தி வைக்கிறதுதான். மருந்து மங்கினதும் பாசி மறுபடி கிளம்பும்.

---

நுண்ணோக்கி:

டோஸ் பேசும் முன் என்ன பாசி என்று பாருங்கள். பச்சைப் பாசி என்பது ஒரே குடும்பம் அல்ல. நச்சுச் சோதனைக்கு உலகம் முழுக்க ஆய்வகங்களில் பயன்படும் ராஃபிடோசிலிஸ் ஒரு பச்சைப் பாசிதான். லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் தாமிரத்திலேயே அதன் வளர்ச்சி நின்றுவிடும். சீனிடெஸ்மஸ் அதைச் சிரித்துக்கொண்டே தாண்டும்.

இழைப்பாசியைக் கையால் பிரிக்கலாம்:

வழுவழு என்று, முட்டை வெள்ளைக்கரு போல விரலிடுக்கில் வழிந்தால் ஸ்பைரோகைரா. தாமிரத்துக்குச் சீக்கிரம் பணியும்.

சொரசொரப்பு, பிழிந்தால் பஞ்சு போல, கிளை கிளையாக, ஷீட்டையோ கல்லையோ பிடித்துக்கொண்டிருந்தால் கிளாடோஃபோரா. கஷ்டம்.

ஈரக் கம்பளி நூல் போல முடிச்சு முடிச்சாக, கருநிறம் கலந்த பச்சையில், பிடிப்பில்லாமல் சுருண்டு கிடந்தால் பித்தோஃபோரா. இதுதான் மோசம். இழையில் அங்கங்கே அகினீட் என்ற தடித்த ஓய்வுச் செல்களை உண்டாக்கி வைக்கும். இழை வெளுத்துச் செத்தாலும் இவை அடியில் கிடந்து திரும்ப முளைக்கும்.

சின்ன மீன்வலை போல அறுகோணக் கண்ணிகள் தெரிந்தால் ஹைட்ரோடிக்டியான். பூண்டு நாற்றமடித்து, நெருநெரு என்று சுண்ணாம்பு படிந்து, செடி மாதிரியே நின்றால் காரா. அதுவும் பச்சைப் பாசி இனத்தைச் சேர்ந்ததுதான்.

நீங்கள் சொல்வது கிளாடோஃபோரா போலத் தெரிகிறது.

மிதக்கும் பச்சைக்கு ஒரு வீட்டுச் சோதனை. மாலை 5 மணிக்கு ஒரு லிட்டர் எடுங்கள். காலையில் எடுத்தால் இரவு முழுக்கச் செல் தன் மாவுச்சத்தைத் தின்று தீர்த்திருக்கும், சோதனை ஏமாற்றும். ஒரு சிட்டிகை படிகாரம் போட்டு அரைமணி வைத்தால் பச்சை அடியில் படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு, படிந்த குழம்பை அன்று மாலையே ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் ஸ்பிரிட் ஊற்றி மூடி வையுங்கள். மறுநாள் ஸ்பிரிட் பச்சையாகவும் படிவு வெளுத்தும் இருக்கும். ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டுப் படிவு மேல் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு. கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது, பச்சைப் பாசி. பழுப்பாகவே நின்றால் நீலப்பச்சை, அல்லது யூக்ளினா. சாணம் போடும் குட்டைகளில் யூக்ளினா சகஜம். உச்சி வெயிலில் செங்கல் நிறமாகவும் சாயங்காலம் பச்சையாகவும் மாறும் ஏடு என்றால் சோதனையே வேண்டாம், அது யூக்ளினாதான்.

நீர்ச்சோதனை விட்ட ஒரு காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன்: தண்ணீர்த் தெள்ளு. பச்சைச் செல்களை வடிகட்டித் தின்னும் டாஃப்னியா, பாசியைவிடத் தாமிரத்துக்கு எளிதில் சாகும். மருந்து முதலில் மேய்ச்சல்காரனைக் கொன்று, பிறகுதான் பயிரைத் தொடுகிறது. குளோரெல்லா மாதிரிச் சின்னச் செல்லுக்கு அதன் பிறகு எதிரியே இல்லை.

வேறொரு தந்திரமும் உண்டு. கிளமிடோமோனஸ் நெருக்கடி வந்தால் நீந்தும் சாட்டையை உதிர்த்துவிட்டு, வழவழப்பான கூழுக்குள் கூட்டமாக ஒடுங்கும். தண்ணீர் தெளிந்தது போலத் தெரியும். மருந்து மங்கியதும் மறுபடி நீந்தி வரும். மூன்றாம் நாள் தெளிவை வெற்றி என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

---

சொட்டுக்குழாய்:

நாலாவது கேள்வியை யாரும் தொடவில்லை. உங்கள் டிஸ்க் ஃபில்டர் 120 மெஷ் என்று வைத்துக்கொள்கிறேன், 130 மைக்ரான். குளோரெல்லா செல் 2 முதல் 10 மைக்ரான். அது ஃபில்டரையும் தாண்டும், டிரிப்பரையும் தாண்டும், தக்காளி வேரில் போய் விழும். அடைப்பது பட்டாணித் தண்ணீர் இல்லை, ஓரத்து இழைதான். மருந்து போட்ட மறுவாரம் அடைப்பு கூடும், ஏனென்றால் செத்த இழை துண்டு துண்டாகப் பிய்ந்து மிதக்கும்.

ஆகவே:

உறிஞ்சு குழாயின் ஃபுட் வால்வை அடியில் போடாதீர்கள், மேல்மட்டத்திலும் போடாதீர்கள். காலி கேன் ஒன்றைக் கட்டி மிதக்க விட்டு, மேலிருந்து 60 சென்டிமீட்டர் கீழே தொங்க விடுங்கள். ஏடும் வராது, அடிச் சேறும் வராது.

தாமிரம் போட்ட தண்ணீரைப் பாய்ச்சுவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. நீண்டகாலப் பாசனத்துக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் தாமிரம் என்பது ஐநா உணவு வேளாண் அமைப்பின் பரிந்துரை. மேலே சொன்ன 2.8 பிபிஎம் துத்தம் என்றால் போட்ட அன்று 0.71. மூன்றரை மடங்கு. கடின நீரில் சில நாளில் இறங்கிவிடும், ஆனால் அந்த நாட்களில் பாசனத்துக்கு மோட்டார் போடாதீர்கள்.

லேட்டரல் குழாய்க்குள் (செடி வரிசையில் ஓடும் சிறு குழாய்) இருக்கும் வழுவழுப்பு பாசி இல்லை, பாக்டீரியா. இருட்டில் பாசி வளராது. அதற்குக் குளோரின்: கடைசி டிரிப்பரில் 10 முதல் 20 பிபிஎம் வருமாறு அரைமணி முதல் ஒரு மணி நேரம். உங்கள் கடின நீரில் பிளீச்சிங் பவுடரின் சுண்ணாம்பு டிரிப்பரிலேயே படியும், சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் வாங்குங்கள். பிஎச் 9.6 இருக்கும் மதியம் குளோரினுக்கும் வலு இல்லை, காலையில் ஓட்டுங்கள். அமிலத்தோடு ஒரே தொட்டியில் கலந்தால் விஷவாயு வரும்.

குட்டைக்குள் குளோரின் கொட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மீன் போய்விடும்.

---

பெராக்சைடு_பிரியர்:

ஷீட் குட்டைக்கு, அதுவும் சொட்டுநீருக்கு, தாமிரமே வேண்டாம் என்பது என் கட்சி. தாமிரம் அழியாது. இன்று கரைசலில் இருப்பது நாளை அடிச் சேற்றில். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஃபேர்மான்ட் ஏரிகளுக்கு 58 ஆண்டுகள் மயில் துத்தம் போட்டார்கள். 1984-இல் வந்த மதிப்பீடு சொன்னது: பாசி தற்காலிகமாகச் செத்தது, ஆக்சிஜன் குறைந்தது, பாஸ்பரஸ் சுழற்சி வேகமானது, சேற்றில் தாமிரம் சேர்ந்தது, டோஸை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அங்கே பச்சைப் பாசி குறைந்து நீலப்பச்சை கூடியது என்பது வேறு கதை.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஒன்றிரண்டு நாளில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைந்துவிடும். நெதர்லாந்தில் கூட்ஸ்ஹவுஸ் ஏரியில் 2009-இல் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சீராகக் கலந்தார்கள். நீலப்பச்சை சில நாளில் 99 சதவீதம் விழுந்தது, ஏழு வாரம் தலைதூக்கவில்லை. 50 சதவீதப் பெராக்சைடு 1 லிட்டரில் 600 கிராம் சரக்கு இருக்கும். உங்கள் 1,464 கன மீட்டருக்கு 3 பிபிஎம் என்றால் 7.3 லிட்டர், முடிந்தது வேலை.

---

நீர்ச்சோதனை:

ஃபேர்மான்ட் வேறு கதை இல்லை, இதே கதைதான். அங்கே பச்சை போய் நீலப்பச்சை மிஞ்சியது, இங்கே தலைகீழ். தாமிரம் யாரைக் கொல்லும் என்பது இனத்தையும், நீரையும், டோஸையும், எத்தனை வருடம் போட்டீர்கள் என்பதையும் பொறுத்தது. பச்சை எப்போதும் தாங்கும் என்று நானும் எழுதிவிடக் கூடாது.

ஆனால் பெராக்சைடு வேலையை முடிக்கும் என்பது உங்கள் உதாரணத்திலேயே அடிபடுகிறது. கூட்ஸ்ஹவுஸில் விழுந்தது நீலப்பச்சை. பச்சைப் பாசி, தண்ணீர்த் தெள்ளு, மற்ற உயிர்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அந்தத் தேர்வுதான் அந்த முறையின் பெருமையே. காரணம் செல்லுக்குள் இருக்கிறது. பச்சைப் பாசி ஒளிச்சேர்க்கையின்போது தானே பெராக்சைடு உண்டாக்கும், அதைச் சிதைக்க அஸ்கார்பேட் பெராக்சிடேஸ், கேட்டலேஸ் என்று நொதிகளை எப்போதும் கையில் வைத்திருக்கும். நீலப்பச்சை உபரி எலக்ட்ரானை வேறு வழியில் நேரே தண்ணீராக்கிவிடுவதால், பெராக்சைடைச் சமாளிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு. கேள்வி கேட்டவர் குட்டையில் இப்போது இருப்பது பச்சை. 3 பிபிஎம் போட்டால் மிச்சமிருக்கும் நீலப்பச்சையும் போய், பச்சைக்குப் போட்டியே இல்லாமல் ஆகும். அந்த டோஸ் பச்சைக்குச் சாப்பாடு போட்ட மாதிரிதான்.

பச்சையை அடிக்க 10 பிபிஎம்முக்கு மேல் போக வேண்டும், 24 லிட்டருக்கும் அதிகம். அந்த அளவில் தண்ணீர்த் தெள்ளு மிஞ்சாது. 50 சதவீதச் சரக்கு தோலில் பட்டால் வெளுத்து எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, இரும்பு வாளியில் ஊற்றினால் பொங்கும்.

---

பெராக்சைடு_பிரியர்:

மிதக்கும் பச்சைக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஓரத்து இழைக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே குட்டை முழுவதன் பிபிஎம் முக்கியமில்லை, இழையைத் தொடும் இடத்தில் எவ்வளவு என்பதுதான்.

சோடியம் பெர்கார்பனேட் குருணை, இறால் பண்ணைக்கு ஆக்சிஜன் குருணை என்று விற்பது. எடையில் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் பெராக்சைடு இருக்கும். லேபிளில் பெர்கார்பனேட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், சில கம்பெனிச் சரக்கில் நிரப்புப் பொருள் பாதி. ஓரம் 120 மீட்டர், 1 மீட்டர் அகலப் பட்டை, 10 கிலோ. சதுர மீட்டருக்கு 80 கிராம் சுமார். குட்டை முழுக்கக் கலந்து போனாலும் 2 பிபிஎம்தான், மீனுக்குப் பிரச்சினை இல்லை. காற்றில்லாத, வெயிலடிக்கும் காலை 9 மணிக்கு நேராக இழை மேலேயே தூவ வேண்டும். சில நிமிடத்தில் நுரை பொங்கும், இழை குமிழோடு மேலே வரும், இரண்டு நாளில் மஞ்சளித்து வெளுக்கும். தூவின இடத்தை அன்று பகலில் கலக்கக் கூடாது, மோட்டாரும் போடக் கூடாது.

ஒரே நாளில் நாலு கரையும் வேண்டாம். இரண்டு கரை இன்று, மற்ற இரண்டு ஒரு வாரம் கழித்து.

---

கெண்டைவளர்ப்பு:

அந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டு வச்சுக்குங்க. தாமிரமோ பெராக்சைடோ, மீன் சாகிறது பெரும்பாலும் மருந்தால இல்ல, செத்த பாசியால. 1 கிராம் உலர்ந்த பாசி மக்க ஏறத்தாழ 1.3 கிராம் ஆக்சிஜன் வேணும். 30 டிகிரி தண்ணி முழுசா காத்து பிடிச்சாலே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் தாங்கும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் பாசி ஒரே நேரத்துல செத்தா தேவை 26. இருக்கிறதைப் போல மூணரை மடங்கு. விடிகாலை 4, 5 மணிக்கு மீனெல்லாம் மேல வந்து வாய் பிளக்குதுன்னா அதுதான்.

மேகமூட்டமா இருந்தா மருந்து வேண்டாம். போட்ட ராத்திரி 11-லேருந்து விடியிற வரைக்கும் மோட்டார் தண்ணியை எடுத்து அதே குட்டையிலயே உயரத்திலேருந்து தெளிக்கிற மாதிரி விடுங்க. ஃபில்டரைத் தாண்டி விடாதீங்க, நேரா.

---

நுண்ணோக்கி:

இருவரும் சண்டை போடுவதற்கு நடுவில் மண்வாரியை மறந்துவிட்டீர்கள். கிளாடோஃபோராவை முதலில் கையால் வாரி எடுங்கள். நீளக் கைப்பிடிப் பிளாஸ்டிக் வாரி. இரும்புப் பல் ஷீட்டைக் கிழிக்கும். வாரியெடுக்கும் ஒவ்வொரு கூடையும் பாஸ்பரசைக் கரைக்கு ஏற்றுகிறது; உள்ளேயே கொன்றால் அது தண்ணீருக்கே திரும்பும். வாரியதைக் கரை மேல் குவிக்காதீர்கள், மழை வந்தால் சாறு திரும்ப உள்ளேதான் போகும். தென்னைக்கு அடியில் போடுங்கள். மிச்சம் ஒட்டியிருப்பதற்கு மட்டும் பெர்கார்பனேட்.

பாஸ்பரஸ் கணக்கையும் பார்த்துவிடலாம். பாசியின் உலர் எடையில் சுமார் 1 சதவீதம் பாஸ்பரஸ். டிஏபி உரத்தில் 20 சதவீதம் பாஸ்பரஸ். கரையில் வைத்த மூட்டையிலிருந்து 100 கிராம் டிஏபி சிந்தி உள்ளே போனால் 20 கிராம் பாஸ்பரஸ், அதில் 2 கிலோ உலர் பாசி விளையும். உரத் தொட்டி குட்டைக் கரையிலேயே இருந்தால் அதை இடம் மாற்றுவது எந்த மருந்தையும்விட மலிவு. மீனுக்குச் சாணம் கொட்டுகிறவர்கள் பாசிக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம்.

தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் பாஸ்பரசை ஆலம் பிடிக்கும். கடையில் இரண்டு வகை: தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் கட்டி அலுமினியம் சல்ஃபேட், அலுமினியம் 8 சதவீதம். சலூன் படிகாரம் பொட்டாஷ் ஆலம், 5.7 சதவீதம்தான். முதலாவதை வாங்குங்கள். 10 கிராமை 1 லிட்டரில் கரைத்தால் 1 மில்லியில் 10 மில்லிகிராம். நாலு ஒரு லிட்டர் பாட்டிலில் குட்டைத் தண்ணீர் எடுத்து 2, 3, 4, 6 மில்லி விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரைமணி வையுங்கள். எதில் பூப்பூவாகத் திரண்டு அடியில் இறங்கி மேல்தண்ணீர் தெளிகிறதோ, அந்தக் குறைந்த அளவுதான் உங்கள் டோஸ். 4 மில்லி என்றால் 40 பிபிஎம், குட்டைக்கு 59 கிலோ. காரத்தன்மை 20 போல இறங்கும். 280 இருப்பவருக்கு அது பொருட்டில்லை. காரத்தன்மை 50-க்குக் கீழே உள்ள மழைநீர்க் குட்டையில் இதைச் செய்தால் பிஎச் சரிந்து மீன் சாகும். மதியம் போடாதீர்கள், பிஎச் 9-க்கு மேல் அலுமினியம் திரளாமல் கரைந்தே நிற்கும்.

இதே குட்டையிலிருந்து யாராவது குடிக்க எடுப்பதாக இருந்தால் இன்னொரு விஷயம். மறுபடி நீலப்பச்சை ஏடு வரும்போது தாமிரம் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் குடிநீர் அணையில் பாசி பெருகியது, மயில் துத்தம் போட்டார்கள். செத்த செல் உடைந்து நச்சு தண்ணீரில் கலந்து 148 பேர் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

---

ஷீட்குட்டை:

எல்லோருக்கும் நன்றி. அயோடின் சோதனை செய்தேன், கருநீலம். இழையைப் பிழிந்தால் பஞ்சு மாதிரிதான், ஷீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உரத் தொட்டி கரையில்தான் இருந்தது, மாற்றுகிறேன்.

இரண்டே சந்தேகம். மிதக்கும் பச்சைக்கு ஒன்றுமே போட வேண்டாமா? பெர்கார்பனேட் தூவின பிறகு எத்தனை நாள் கழித்து மோட்டார் போடலாம்?

---

நீர்ச்சோதனை:

ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். 30 சென்டிமீட்டருக்குக் கீழேயும் தெரிந்தால் மிதக்கும் பச்சையை விட்டுவிடலாம். கட்லாவுக்கு அதிலிருந்துதான் உணவுச் சங்கிலி. ஃபில்டரும் அதனால் அடைக்கவில்லை. 20-க்குள் மறைந்தால் விடிகாலை ஆக்சிஜன் ஆபத்து, அப்போது ஆலம். குட்டை மேல் நிழல்வலை போட முடிந்தால் இன்னும் நல்லது, ஆவியாவதும் குறையும்.

வரிசை இப்படி: இந்த வாரம் வாரி எடுப்பது. முடிந்த மறுநாள் காலை வடக்கு, கிழக்குக் கரைக்குப் பெர்கார்பனேட் 5 கிலோ. ஏழாம் நாள் மற்ற இரண்டு கரை, இன்னொரு 5 கிலோ. அதிலிருந்து நாலாம் நாள் காலை 7 மணிக்கு, தட்டு 20-க்குள் மறைந்தால் மட்டும், ஆலம்.

---

சொட்டுக்குழாய்:

பாசனத்துக்கு மோட்டார்: பெர்கார்பனேட் போட்ட 48 மணி நேரம் கழித்து. அதற்கு முன் மிதக்கும் வெளுத்த இழையைக் கொசுவலையால் அள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் டிஸ்க்கில்தான் வந்து நிற்கும். ஆலம் போட்டால் 24 மணி நேரம் நிறுத்துங்கள். ஃபுட் வால்வு அடியிலிருந்து குறைந்தது 50 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும், திரண்ட பூ அங்கேதான் கிடக்கும். முதல் நாள் பேக்வாஷ் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 0.5 பார் தாண்டினால் நேரம் பார்க்காமல் உடனே கழுவுங்கள்.